வெறும் கொக்கி

கப்பலிலிருந்து சரக்கு இறக்கும்போது, க்ரேன் ஓட்டுகிறவனுக்குக் கப்பலின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது. அவன் உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பான். ஆட்கள் ஆழத்தில், மூட்டைகளுக்கு நடுவில் நிற்பார்கள். இரண்டு பேருக்கும் இடையில், அந்தப் பெரிய திறப்பின் விளிம்பில் ஒருவன் நிற்க வேண்டும். கீழே பார்த்து மேலே கை காட்ட வேண்டும். அந்த ஒருவன் நான். தலை நரைத்த பிறகும் இதே வேலைதான். ஊருக்குப் போனால் விளக்கி மாளாது. சும்மா கை காட்டுவதற்கா சம்பளம் என்று என் மாமனாரே கேட்டிருக்கிறார். ஆமாம், சும்மா கை காட்டுவதற்குத்தான். காட்டாவிட்டால் தெரியும் சேதி.

எங்கள் தீவின் ஜெட்டியில், அதாவது கப்பல் துறையில், இறக்கு என்பதற்கு ஆரியா, தூக்கு என்பதற்கு ஹபேஸ். எந்த நாட்டுப் பேச்சோ, நான் வருவதற்கு முன்பே இருந்தது. தமிழனும் தெலுங்கனும் வங்காளியும் ராஞ்சிக்காரனும் ஒன்றாக நிற்கிற இடத்தில், யாருடைய மொழியும் இல்லாத ஒரு மொழி வசதிதான். ஆனால் எஞ்சின் சத்தத்தில் வாய் எடுபடாது. அதனால் கை. உள்ளங்கை கீழே பார்த்து அசைந்தால் ஆரியா. ஒரு விரல் மேலே சுழன்றால் ஹபேஸ். முஷ்டி மடக்கினால் நில். முதல் இரண்டில் தப்பு நடந்தால் சரக்கு போகும். மூன்றாவதில் தப்பு நடந்தால் ஆள் போவான்.

இப்போது வாக்கி டாக்கியும் கொடுத்திருக்கிறார்கள். ஃபோர்மேனிடம் ஒன்று, க்ரேன் கூண்டில் ஒன்று, என் தோளில் ஒன்று, கப்பலுக்குள் இறங்கும் கூட்டத்தின் தலைவனிடம் ஒன்று. ஒருவர் பேசினால் எல்லோருக்கும் கேட்கும். மற்ற கப்பல்களில் அதில் ஓயாமல் பேசிக்கொண்டே வேலை செய்வார்கள். எங்கள் கப்பலில் அது பேசாது. ஏனென்றால் க்ரேன் ஓட்டுகிறவனுக்கும் எனக்கும் பேச்சு வார்த்தை கிடையாது.

அவன் என் தங்கச்சி புருஷன். முதலில் வேலைக் கூட்டாளி. பழகிப் பார்த்து, இவனைவிட நல்லவன் கிடைக்க மாட்டான் என்று நானே ராமநாதபுரத்திலிருந்து தங்கச்சியைக் கப்பலேற்றிக் கூட்டி வந்து கட்டி வைத்தேன். அவன் எனக்கு மாப்பிள்ளை, நான் அவனுக்கு மச்சான். அவர்களுக்கு ஒரு பையன், எனக்கு ஒரு பெண். தொட்டிலில் கிடந்தபோதே அவர்களுக்கு முடிச்சுப் போட்டுவிட்டோம். வளர்ந்த பெண் எங்கள் முடிச்சை மதிக்கவில்லை. டெய்ரி ஃபார்ம் பேட்டையில் குடியிருக்கும் ஒரு தெலுங்குப் பையனைக் கட்டிக்கொண்டாள். நல்ல பையன்தான், எனக்குக் குறையில்லை. தங்கச்சி புருஷன் கல்யாணத்துக்கு வரவில்லை. தங்கச்சி மட்டும் வந்து, மண்டபத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, சாப்பிடாமல் போனாள். அதோடு முடிந்தது பேச்சு.

ஆனால் வேலையை மாற்றிக்கொள்ள அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. காலையில் அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கூண்டில் ஏறுவான். நான் என் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கப்பலில் ஏறுவேன். அப்புறம் நாள் முழுக்க நான் கை காட்டுவேன், அவன் செய்வான். எங்கள் கூட்டத்தில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் கிடையாது. புருஷன் பெண்டாட்டி சண்டையில்கூட இவ்வளவு ஜாடை இருக்காது என்பான் வங்காளி. சிரிக்கட்டும். இத்தனை வருடப் பழக்கத்தில் எங்கள் ஜாடை சுருங்கிப்போயிருந்தது. கையை விரித்து ஆட்ட வேண்டியதில்லை, மணிக்கட்டு அசைந்தால் போதும். கொக்கி இறங்கும், ஆட்கள் மாட்ட எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நிற்கும், ஏறும். எங்களைப்போல வேகமாக இறக்குகிறவர்கள் ஜெட்டியில் கிடையாது. அதில் எனக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமைக்குள்தான் வினை உட்கார்ந்திருந்தது.

வேகம் என்றால் இங்கே அது சும்மா வீம்பு இல்லை. மெயின்லேண்டில் லாரி வராவிட்டால் வேறு லாரி வரும். இங்கே கப்பல் வராவிட்டால் கடல்தான் வரும். வெங்காயம், உருளைக்கிழங்கு, சிமெண்ட், சிலிண்டர், பள்ளிக்கூடப் புத்தகம், மாத்திரை எல்லாம் நாங்கள் நிற்கிற இந்த விளிம்பைத் தாண்டித்தான் ஊருக்குள் போக வேண்டும். மழை வந்தால் திறப்பை மூட வேண்டும், வேலை நிற்கும். அலை எழும்பினால் கப்பல் ஆடும், வேலை நிற்கும். பயணிகள் கப்பல் வந்தால் இடம் விட்டு விலகி நங்கூரம் போட வேண்டும், வேலை நிற்கும். ஒரு தடவை க்ரேன் கெட்டுப்போய்க் கிடந்தது. அதற்கான உதிரிப் பாகம் எங்கே என்று விசாரித்தால், வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருக்கிற கப்பலில் இருக்கிறது. க்ரேன் சரியானால்தான் அந்தக் கப்பலிலிருந்து எதையும் இறக்க முடியும். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றோம்.

நான் சொல்ல வந்த கப்பலும் மழையில் மாட்டிக்கொண்டு தாமதமாக வந்ததுதான். அபர்டீன் பஜாரில் வெங்காயம் தீர்ந்து, ஓட்டல்காரர்கள் முட்டைக்கோஸை நறுக்கிப் போட்டு ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்கள். கட்டட வேலைகள் கம்பி இல்லாமல் படுத்துவிட்டன. இரண்டும் அந்த ஒரே கப்பலில் இருந்தன. மழை விட்டதும் எல்லோரும் எங்கள் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். சீக்கிரம், சீக்கிரம் என்பதைத் தவிர ஃபோர்மேன் வாயில் வேறு சொல் வரவில்லை.

முதல் நாள் பிற்பகலில் கம்பிக்கட்டு தூக்கினோம். நீளக் கம்பிகள், இரண்டு பக்கமும் சங்கிலி சுற்றி கொக்கியில் மாட்ட வேண்டும். ராஞ்சிக்காரர் ஒருவர், எங்கள் கூட்டத்திலேயே மூத்தவர், சங்கிலியை இழுக்கிறபோது அவருடைய பூட்ஸ் இரண்டு கம்பிகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டது. குனிந்து காலை உருவப் பார்த்தார். நான் முஷ்டியை மடக்கித் தலைக்கு மேல் பிடித்தேன். நில்.

கட்டு ஏறியது.

எனக்கு முதலில் புரியவில்லை. முஷ்டியை இன்னும் உயர்த்தினேன், ஆட்டினேன். கட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து ஏறிக்கொண்டே இருந்தது, அந்த மனிதர் ஒற்றைக் காலில் தொங்கினார். அப்போதுதான் தோளில் கிடந்த வாக்கி டாக்கி ஞாபகம் வந்தது. பொத்தானை அமுக்கிக் கத்தினேன்.

"மாப்ள, நிறுத்து!"

நின்றது. பூட்ஸ் கம்பியிலேயே மாட்டிக்கொண்டது, கால் மட்டும் உருவிக்கொண்டு வந்தது. அவர் வெங்காய மூட்டைகள்மேல் விழுந்தார். குதிகாலில் தோல் உரிந்து ரத்தம், வேறு ஒன்றும் இல்லை. கூட்டம் மொத்தமும் மேலே பார்த்து அவரவர் மொழியில் திட்டியது.

வேலை முடிந்து கூண்டிலிருந்து இறங்கி வந்த மாப்பிள்ளை, ஃபோர்மேனிடம் வெயில் கண்ணில் அடித்தது என்று சொன்னான். என் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது உண்மைதான். ஃபோர்மேன் ஒத்துக்கொண்டார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அதே சூரியன் எத்தனையோ வருடங்களாக அதே பக்கம்தான் இறங்குகிறது.

அன்று சாயங்காலம் பஸ்ஸேறி, டாலிகஞ்ச் பகுதியில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போனேன். என் பெண்ணின் கல்யாணத்துக்குப் பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை. அவன் கோவிலுக்குப் போயிருந்தான். தங்கச்சி என்னைப் பார்த்ததும் ஏன் வந்தேன் என்று கேட்கவில்லை. அதிலேயே எனக்குப் பாதி விளங்கிவிட்டது. வாசலோரம் அவனுடைய மோட்டார் சைக்கிள் சாக்கு போர்த்திக் கிடந்தது. எத்தனை நாளாக ஓட்டவில்லை என்று கேட்டேன். டவுன் பஸ்ஸில்தான் போய் வருகிறார் என்றாள். அப்புறம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள்.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறிவிட்டதாம். வலி கிடையாதாம், அதனால் தெரியாமலே போய்விட்டதாம். ஓரத்துப் பார்வை முழுக்கப் போய், நடுவில் மட்டும் கொஞ்சம் மிச்சம். அதுவும் வெளிச்சம் கூடினாலும் குறைந்தாலும் கலங்குகிறது. போனது திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றாராம் டாக்டர். சாப்பிடும்போது பக்கத்தில் இருக்கிற செம்பைத் தட்டிவிடுகிறான், தட்டில் எதிரே இருக்கிறது மட்டும்தான் தெரிகிறது என்றாள். வேலைக்கு ஆகுமா என்று பார்க்கும் சோதனையில், சுவரில் இருக்கிற எழுத்தை நேராகப் பார்த்துக் கடகடவென்று படித்து வந்துவிட்டானாம்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஏன் சொல்லவில்லை என்று அவளிடம் கத்தினேன்.

"யார்கிட்டண்ணே சொல்லச் சொல்றீக? பேச்சு வார்த்த இருந்தா ஒங்ககிட்ட சொல்லிருப்பாக. க்ரேன விட்டு எறக்குனா அவுகளுக்கு வேற என்ன தெரியும்? நீங்க போய்ச் சொல்லிராதீக. பொண்ணையும் தரல, இப்ப வேலையையும் புடுங்கிட்டான்னு ஊரு சொல்லும். அவுகளும் அப்படித்தான் நெனப்பாக."

அவள் சொன்னது அப்படியே நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஜெட்டி முழுக்க எங்கள் பகை தெரியும். நான் போய் ஃபோர்மேனிடம் இவனுக்குக் கண் தெரியவில்லை என்றால், மச்சான் பழி தீர்க்கிறான் என்றுதான் காதோடு காது பேசுவார்கள். சொல்லாமல் இருந்தால் கீழே நிற்கிறவர்களில் யாராவது ஒருவர் நசுங்குவார். அந்த ஒருவருக்கும் டாலிகஞ்சிலோ வேறு எங்கோ ஒரு வீடு இருக்கும்.

அப்போது அவன் வந்துவிட்டான். நெற்றியில் திருநீறு. வாசலில் கிடந்த என் செருப்பை மிதித்துத் தடுமாறி, யாருடையது என்று குனிந்து பார்த்தான். நான் நேராகவே சொன்னேன். நாளைக்கு நீயே ஃபோர்மேனிடம் சொல்லிவிடு, கீழே வேறு வேலை கேட்கலாம், நானும் கூட வந்து பேசுகிறேன் என்றேன். அவன் தங்கச்சியைப் பார்த்துத்தான் பேசினான்.

"பொழுது சாயுற நேரந்தான் கொஞ்சம் மங்குது. காலைல ஒரு கொறையும் இல்ல, கையி நல்லாத் தெரியுது. இந்தக் கப்பல முடிச்சிட்டு நானே சொல்லுவேன்னு ஒங்க அண்ணன்ட்ட சொல்லு."

இரண்டடி தள்ளி நான் உட்கார்ந்திருக்கிறேன். தங்கச்சி அதைத் திரும்ப என்னிடம் சொன்னாள். எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது பாதி நம்பினேன், பாதி நம்பவில்லை. காலையில் கை தெரிகிறது என்று அவன் சொன்னதை நம்ப எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் வெங்காய மூட்டைகள்மேல் விழுந்த அந்த மனிதரின் வெறும் கால் கண்ணை விட்டுப் போகவில்லை. விடிவதற்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். நான் யாரிடமும் எதையும் சொல்லப் போவதில்லை. கையும் காட்டப் போவதில்லை. கை இல்லாமல் க்ரேன் அசையக்கூடாது என்பது இந்த ஜெட்டியின் முதல் விதி. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் கப்பல் நிற்கும். ஏன் நிற்கிறது என்று அவன் இறங்கி வந்து சொல்லிக்கொள்ளட்டும்.

மறுநாள் காலை வானம் பளிச்சென்று இருந்தது. மழைக்குப் பிறகு வருகிற அந்த வெளிச்சத்தில் எதிர்க்கரைத் தென்னைகளைக்கூட ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். வெங்காயம் இறக்க வேண்டும். ஜெட்டியில் லாரிகள் வரிசையாக நின்றன, பஜார் வியாபாரிகள் இரண்டு பேர் கேட் வரைக்கும் வந்துவிட்டார்கள். கூண்டில் மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்தான். உள்ளே இறங்கப் போன கூட்டத்தை நான் நிறுத்தினேன். கொஞ்சம் பொறுங்கள், மேலேயே இருங்கள் என்றேன். குதிகாலில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்த ராஞ்சிக்காரர் என் முகத்தைப் பார்த்தார், ஓரமாக உட்கார்ந்தார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். கப்பலின் வயிற்றில் ஒரு ஆள்கூட இல்லை.

விளிம்பில் என் இடத்தில் போய் நின்றேன். கூண்டைப் பார்த்தேன். கையைக் கட்டிக்கொண்டேன்.

ஃபோர்மேன் கீழே ஜெட்டியிலிருந்து பார்த்துவிட்டார். வாக்கி டாக்கியில் இந்தியில் கேட்டார், என்ன ஆயிற்று, ஏன் நிற்கிறாய், ஹாத் உட்டாவ், கையைத் தூக்கு என்று. நான் கட்டிய கையைப் பிரிக்கவில்லை. வசவு ஆரம்பித்தது. லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். என் பின்னால் கூட்டத்தில் யாரோ, மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் இன்றைக்கு என்ன ஊடல் என்று சொல்லிச் சிரித்தார்கள்.

அப்போது கொக்கி இறங்கியது.

நான் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்கிறேன். ஒரு விரல்கூட அசையவில்லை. கொக்கி எப்போதும்போல நிதானமாக வந்தது, என் முகத்துக்கு முன்னால் கடந்தது, திறப்புக்குள் இறங்கியது, மூட்டைகளுக்கு மேலே, எங்கே நிற்க வேண்டுமோ அங்கே சரியாக நின்றது. சிரிப்பு அடங்கிவிட்டது. ஆட்கள் மாட்ட எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்றது. அங்கே மாட்டுவதற்கு ஆள் இல்லை. பிறகு, யாரோ ஹபேஸ் சொன்ன மாதிரி, ஏற ஆரம்பித்தது. வெறும் கொக்கி. ராஞ்சிக்காரர் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் கொக்கியைப் பார்க்கவில்லை, கட்டியிருந்த என் கையைப் பார்த்தார்.

எனக்கு அந்த நேரத்தில் வந்தது கோபம் இல்லை. பயம். சாயங்காலத்துச் சூரியன் இல்லை, மங்கல் இல்லை, இவ்வளவு வெளிச்சத்தில் நான் நட்டுவைத்ததுபோல நிற்கிறேன், அவனுக்கு நான் இல்லை. எத்தனை காலமாக இப்படி என்று நினைத்தேன். இத்தனை நாளும் யார் கையைப் பார்த்து அவன் தூக்கினான்? எங்கள் வேகம், எங்கள் ஜோடி, மணிக்கட்டு அசைந்தால் போதும் என்ற என் பெருமை, எல்லாம் இவன் குருட்டு மனக்கணக்கில் ஓட்டியதா?

கொக்கி கூண்டின் உயரத்துக்குப் போனதும் நின்றது. அது அவனுக்கு நேர் எதிரே இருந்தது, அதனால் அவனுக்குத் தெரிந்தது. அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. ஹாரன்கூட நின்றுவிட்டது. பிறகு எல்லோருடைய வாக்கி டாக்கியிலும் ஒரே நேரத்தில் அவன் குரல் வந்தது. என் பெண்ணின் கல்யாணத்துக்குப் பிறகு அவன் என்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"மச்சான், வெறுங்கொக்கியா வருது. நீங்க கை காட்டுனீங்களா, இல்லையா? எனக்குத் தெரியல மச்சான்."

ஜெட்டி முழுக்க அதைக் கேட்டது. தமிழ் தெரியாதவர்களுக்கும் புரிந்தது. அவன் எல்லோருக்கும் கேட்கும் என்று தெரிந்துதான் பேசினானா, இல்லை என்னோடு மட்டும் பேசுகிற நினைப்பில் இருந்தானா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. பொத்தானை அமுக்கினேன்.

"காட்டல மாப்ள. எறங்கி வா."

ஏணியில் அவன் இறங்கி வந்தது வெகுநேரம். ஒவ்வொரு படியையும் காலால் தேடித் தேடி இறங்கினான். இதையும் நான் இத்தனை நாள் பார்த்ததில்லை. அவன் இறங்குகிறபோது நான் வேண்டுமென்றே வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். ஃபோர்மேன் அவன் தோளைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போய் ஏதோ கேட்டார். திட்டவில்லை. அடுத்த ஜெட்டியிலிருந்து வேறு ஒருவனை அனுப்பினார்கள். வெங்காயம் இருக்கிறதே, அதற்கு யார் கண் போனால் என்ன.

புது ஆளுக்கு என் மணிக்கட்டு புரியவில்லை. கை முழுவதையும் நீட்டி ஆட்ட வேண்டியிருந்தது. கூட்டம் உள்ளே இறங்கியது, மூட்டைகள் மெதுவாக ஏறின. மாப்பிள்ளை வீட்டுக்குப் போகவில்லை. கப்பலின் கயிறு கட்டுகிற இரும்புக் கட்டையின்மேல், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். மேலிருந்து பார்க்க எனக்கு அவன் தெரிந்தான். வலது கையை முழங்கால்மேல் வைத்திருந்தான். புது ஆள் கொக்கியை இறக்கியதும் அந்தக் கை, கூண்டில் லீவரைத் தள்ளி இறக்குகிற மாதிரி, லேசாக முன்னால் போனது. நின்றது. உள்ளே மூட்டைகளை மாட்டி முடித்தார்கள், நான் விரலைத் தூக்கப் போனேன். அதற்குள் அந்தக் கை பின்னால் இழுத்துவிட்டது.